இணைக்கு ஒரே நாற்காலி

ஓட்மார் டோர்னும் ரோஸ்விதாவும் கல்யாணம் செய்துகொண்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் அவர்கள் முழுசாக ஒரே ஆளானது, க்ரோனன்ரோட என்ற ஊரின் பனி விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்த அன்றைக்குத்தான். தேவாலயத்தில் போதகர் இருவரும் இனி ஒருவர் என்று வாயால் சொன்னதோடு சரி, அப்புறம் விருந்தில் ஆளுக்கொரு தட்டு வைத்துவிட்டார்கள். சங்கம் அந்த மாதிரி அரைகுறை வேலை செய்வதில்லை.

செயலாளர் திருமதி காப்பஸ் கூட்ட அறையில் அவர்களுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"இன்னொன்னு?" என்றான் ஓட்மார்.

"இன்னொன்னு எதுக்கு? நீங்க இணைப் பிரிவுதானே?"

"ஆமா. ஜோடியா வால்ட்ஸ் டான்ஸ் ஆடுறதுக்கு. நாங்க ரெண்டு பேரு."

"ஐஸ்ல வேணா ரெண்டு பேரா இருந்துக்கங்க. சங்கத்துல இணைன்னா ஒரு ஆள்."

சுவரோரமாக நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஓட்மாரின் கண் அங்கே போனதைத் திருமதி காப்பஸ் கவனித்துவிட்டார். "அதெல்லாம் ஒற்றை ஆட்டக்காரங்களோடது," என்றார்.

ரோஸ்விதா உட்கார்ந்தாள். ஓட்மார் பின்னால் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு வாங்கவே, அவள் எழுந்து அவனை உட்கார வைத்தாள். காப்பி வந்தது, ஒரு கோப்பை. பிளம்ஸ் கேக் வந்தது, ஒரு துண்டு, ஒரு முள்கரண்டி. இருவரும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குப் புதுசாகக் காதலிக்கிறவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

தலைவர் டாக்டர் லூடர்ஸ் உள்ளே வந்தார். டாக்டர் என்றால் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. ஏரிகளில் மீன்பிடிக்கும் உரிமை பற்றிய சட்டத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். எந்த ஏரியும் பக்கத்தில் இல்லாத ஊரில் இத்தனை காலம் மரியாதையோடு வாழ்ந்துவிட்டார்.

"எங்க சங்கத்துல எதுவும் காரணமில்லாம கிடையாது," என்றார் அவர். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. கொடிக்கு என்ன நிறம்னு ஓட்டெடுப்பு. ஒரு இணையில புருஷன் நீலத்துக்குக் கை தூக்குனாரு. அவர் பொண்டாட்டி பச்சைக்குத் தூக்குனாங்க. ரெண்டு பக்கமும் சமமாப் போச்சு. அன்னைக்குப் போட்ட விதி. இணைங்கிறது ஒரு ஆள், ஐஸ்லயும் வெளியிலயும்."

"அப்ப கொடி?" என்று ரோஸ்விதா கேட்டாள்.

"கொடி இல்ல. கம்பம் இருக்கு. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, மேற்கொண்டு எதுவும் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவர்கள் வந்த காரணம் சின்னதுதான். வாலிபத்தில் இருவரும் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஆலைக் குளத்தில் சறுக்கியவர்கள். யாரோ ஒருவர் கரையில் வைத்த ரேடியோப் பெட்டியிலிருந்து வந்த வால்ட்ஸுக்கு முதல் தடவையாகக் கைபிடித்து ஆடியது அங்கேதான். பிறகு ஓட்மார் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்காக ஊர் ஊராகப் போனான், அவள் கண்ணாடிக் கடைகளில் வேலை பார்த்துக்கொண்டு கூடவே போனாள். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தபோது குளம் உறைவதை நிறுத்தியிருந்தது. ஊரில் மிச்சம் இருந்த ஒரே பனித்தளம் சங்கத்தின் கூடத்துக்குள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பொதுமக்களை விடுவார்கள். அப்போது விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் பென்குயினைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் நாலா பக்கமும் பாயும். கை கோத்துச் சறுக்கத் தடை என்று பலகையும் தொங்கும். ஜோடியாக ஆட வேண்டுமானால் இணைப் பிரிவில் சேர்ந்தே ஆக வேண்டும்.

"எப்பலேர்ந்து ஆடலாம்?" என்று ஓட்மார் கேட்டான்.

"முதல்ல நிக்கணும்," என்றார் டாக்டர் லூடர்ஸ்.

"எங்க?"

"முன்னோர் வேளையில. புதுசா சேர்ந்தவங்க ஒரு பருவம் முழுக்க நின்னு பாக்கணும். அப்புறம் வரலாற்றுத் தேர்வு. அப்புறம் ஐஸ்."

ஓட்மார் கோப்பையை மேசையில் வைத்தான். "இதயத்துல ஒரு வால்வு சரியில்லங்க. இந்தக் குளிர்காலம் ஆடணும்னா ஆடிக்கோ, அடுத்ததை நம்பிட்டு உக்காராதேன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு வால்ட்ஸ் போதும். அதுக்கப்புறம் உங்க பக்கமே வர மாட்டேன்."

டாக்டர் லூடர்ஸ் அவன் தோளில் கை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. "டோர்ன், இந்தச் சங்கம் ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தெட்டுலேர்ந்து இருக்கு. எங்கயும் ஓடிப் போயிடாது. உங்களுக்கு என்ன அவசரம்?"

முன்னோர் வேளை ஞாயிற்றுக்கிழமை காலையில். வாரத்தில் பனி நன்றாக இறுகி, கண்ணாடி மாதிரி இருக்கிற நேரம் அதுதான். மற்ற நேரமெல்லாம் ஹாக்கிக்காரர்களும் பிள்ளைகளும் தளத்தைக் கீறிப் போட்டுவிடுவார்கள். அதனால் சங்கம் அந்த நல்ல நேரத்தை இறந்துபோன உறுப்பினர்களுக்கு ஒதுக்கியிருந்தது.

டாரியுஷ் பனி மெழுகும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், உறுப்பினர் இல்லை. தளத்தை மூலை முடுக்கு விடாமல் வழித்து மெழுகுவான். விளக்குகள் எல்லாம் எரியும். ஒலிபெருக்கியில் வால்ட்ஸ் தொடங்கும். தலைவர், செயலாளர், செயற்குழு எல்லாரும் ரப்பர் விரிப்பில் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். எதிரே வெறும் பனி. இசை முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு கீறல்கூட விழாத அந்தத் தளத்தை டாரியுஷ் மறுபடியும் ஒரு தரம் மெழுகுவான்.

"எதுக்குப்பா ரெண்டாவது தடவை?" என்று ஓட்மார் அவனிடம் கேட்டான்.

"செத்தவங்க ஆடி முடிச்சாச்சுல்ல," என்றான் டாரியுஷ், தலைவர் இருந்த பக்கம் தாடையைக் காட்டி. "ஆடுனா மெழுகணும். அதான் வேலை."

"இந்த ஐஸ் எனக்குக் கிடைக்கணும்னா என்ன பண்ணணும்?"

"செத்துப் பாருங்க. உடனே கிடைக்கும். வரிசையே கிடையாது."

ஓட்மார் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறவே, ரோஸ்விதா அவனைத் தடுப்புப் பலகையில் சாய்த்து நிறுத்தினாள். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் நின்றார்கள். ஓட்மாரின் கால் விரல்கள் முதலில் மரத்துப்போகும், அப்புறம் ரோஸ்விதாவினுடையவை. பழக்கமாகிவிட்டால் எதுவும் தெரிவதில்லை.

நடைவழியில் முன்னாள் தலைவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. மீசை வைத்தவர்கள், தாடி வைத்தவர்கள், பிறகு இரண்டும் இல்லாதவர்கள். நடுவில் ஒரு இடத்தில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே சின்னப் பித்தளைத் தகடு, அதில் எழுத்து எதுவும் இல்லை.

"இவர் யாரு?" என்றாள் ரோஸ்விதா.

டாக்டர் லூடர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூணுல அவர் விலகிக்கிட்டாரு."

"ஏன்?"

"கடிதம் எதுவும் எழுதல. கொஞ்சம் அவசரமா விலகிட்டாரு, குடும்பத்தோட. ஆனா பாருங்க, நம்ம சங்கம் யாரையும் மறக்கிறதில்ல. ஆணியைப் பிடுங்கணும்னு எத்தனை பேர் சொன்னாங்க! நான் விடல. வருஷா வருஷம் துரு எடுக்கிறோம்."

அவர் கைக்குட்டையால் ஆணியை ஒரு தரம் துடைத்துக் காட்டினார்.

மார்ச் மாதம் தேர்வு வந்தது. படிப்பதற்குச் சங்கத்தின் வரலாற்று மலரைக் கொடுத்திருந்தார்கள். கெட்டி அட்டை போட்ட, கையில் தூக்க முடியாத மலர். அதில் சங்கத்தை நிறுவிய மருந்துக்கடைக்காரரின் பூனைக்கு ஒரு பக்கம், கம்பத்துக்கு மூன்று பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்து முகமூடி விழாவில் யார் என்ன வேஷம் போட்டார்கள் என்பதுகூட இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் நாற்பத்தொன்பதாம் வருஷம்.

இணைக்கு ஒரு விடைத்தாள், ஒரு பேனா. ரோஸ்விதா எழுத, ஓட்மார் காதில் சொன்னான். கடைசிக் கேள்வி, அந்த முப்பத்திரண்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவில் சங்கத்தில் என்ன நடந்தது என்று. அவர்களுக்கு அந்த ஆணி ஞாபகத்துக்கு வந்தது. யூதக் குடும்பங்களை ஊரைவிட்டே துரத்திய அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்ததை நாலு வரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

தோல்வி.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க," என்று திருமதி காப்பஸ் வருத்தப்பட்டார். "கடைசியில போய்க் கதை எழுதி வச்சிருக்கீங்களே. மலர்லயே விடை இருக்கு, படத்துக்குக் கீழ சின்ன எழுத்துல."

இருந்தது. 'இக்காலத்தில் பனி மெலிந்திருந்தது' என்று இருந்தது. அவ்வளவுதான் விடை.

"பதினாறு வருஷமாவா மெலிஞ்சிருந்துச்சு?" என்றான் ஓட்மார்.

"மோசமான காலநிலை," என்றார் திருமதி காப்பஸ். "மறுதேர்வு அக்டோபர்ல. ஏப்ரல்லேர்ந்து கூடத்துக்கு விடுமுறை."

அந்தக் கோடையில் அவர்கள் சமையலறையில் பழகினார்கள். நாற்காலிகளைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறையோடு வழுவழுத் தரையில் சறுக்குவார்கள். ஓட்மாரின் வலது கை அவள் முதுகில், இடது கை அவள் கையைப் பிடித்து நீட்டியபடி. அடுப்பிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் மூலையில் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் அவன் அவளை வெடுக்கென்று இழுப்பான். குளத்தில் ஆடிய காலத்திலிருந்தே உள்ள கெட்ட பழக்கம்.

"மூலையில இழுக்காதய்யா. தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு."

"இழுக்கலன்னா நீ நேராப் போய் முட்டிக்குவ. உனக்கு எப்பவாச்சும் திரும்பத் தெரிஞ்சிருக்கா?"

"எனக்கா தெரியாது? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"எண்பத்தி ஏழுல கார் ஓட்டக் கத்துக்கிட்டப்ப பேக்கரிக்குள்ள விட்டது யாரு?"

இன்னும் ஒரு சுற்று என்பான். பாதியில் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் மூச்சு அடங்குகிற வரைக்கும் அவள் அவன் கையை விடாமல் நிற்பாள். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். அந்தக் கோடையில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

அக்டோபரில் மறுதேர்வு. கடைசிக் கேள்விக்கு ரோஸ்விதா, பனி மெலிந்திருந்தது என்று எழுதினாள். எழுதும்போது ஓட்மார் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ். டாக்டர் லூடர்ஸ் நேரில் வந்து கை குலுக்கினார், ஓட்மாரோடு மட்டும். இணைக்கு ஒரு கைகுலுக்கல்தான் என்பதால் ரோஸ்விதா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர்களுக்கு ஐஸ் ஒதுக்கப்பட்டது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஓட்மார் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள்.

"நீ போய் ஆடு," என்றான் வியாழக்கிழமை காலையில்.

"நீ இல்லாமயா?"

"ஐஸ் எப்படியிருந்துச்சுன்னு வந்து சொல்லு. ஒருத்தராவது பாத்துட்டு வரணும்ல. இதுக்காக ஒரு வருஷம் நின்னிருக்கோம், ரோஸி."

அவள் சறுக்குக் காலணிப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நுழைவாயிலிலேயே திருமதி காப்பஸ் நின்றார்.

"மத்த பாதி எங்க?"

"ஆஸ்பத்திரில. என்னை மட்டும் போகச் சொன்னாரு."

"ஐயோ பாவம்." திருமதி காப்பஸின் கண் நிஜமாகவே கலங்கியது. "ஆனா பாதி ஆளை எப்படிம்மா ஐஸ்ல இறக்குறது? காப்பீடு எல்லாம் முழு ஆளுக்குத்தான் இருக்கு. நீங்க விழுந்தா, விழுந்தது யாருன்னு நாங்க எழுதுவோம்?"

"ரோஸ்விதா டோர்ன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு உறுப்பினர் நம்மகிட்ட இல்லியே."

உள்ளே அவர்களுக்காக மெழுகிய தளம் விளக்கொளியில் பளபளத்தது. கதவு மூடுகிற வரைக்கும் அதைப் பார்த்துவிட்டு ரோஸ்விதா பஸ் ஏறினாள்.

"எப்படியிருந்துச்சு ஐஸ்?" என்றான் ஓட்மார், அவள் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையைத் தரையில் வைத்தாள்.

"மெலிஞ்சிருந்துச்சு," என்றாள்.

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். குழாய் கழன்று, இயந்திரம் கத்தி, நர்ஸ் ஓடி வந்து இருவரையும் திட்டுகிற வரைக்கும் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வருவதற்கு முன்னால் இறந்துபோனான். தட்டைக் கொண்டு வந்த பெண் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உருளைக்கிழங்கு மசியல், பச்சைப் பட்டாணி. ரோஸ்விதா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வலியும் வரவில்லை. கையுறை போடாமல் வெகுநேரம் வெளியில் நின்றுவிட்டால் விரல் தன்னுடையது மாதிரியே இருக்காதே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. அடக்கம் முடிந்தது, உறவுக்காரர்கள் வந்து போனார்கள், கிறிஸ்துமஸ் வந்து போனது. எல்லாம் யாருக்கோ நடந்தது.

ஜனவரி கடைசியில் சங்கத்தின் பொதுக்குழு. வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று அவள் போனாள். இணை நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். வரவேற்புரை முடிந்து அஞ்சலி வந்தது. டாக்டர் லூடர்ஸ் மேடையில் தொண்டையைச் செருமினார்.

"அன்பிற்குரிய உறுப்பினர்களே! கடந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களை நினைவுகூர்கிறோம். இணை ஓட்மார் - ரோஸ்விதா டோர்ன். நம்மோடு இருந்த காலம் சிறிதே ஆயினும், எத்தகைய உறுப்பினர்! ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஒருமுறைகூடப் பனியில் இறங்கியதில்லை. இவர்களால் நமது தளத்தில் ஒரு கீறல் விழுந்ததாக எவராலும் சொல்ல முடியாது. அனைவரும் இவர்களைப் போல இருந்தால் இச்சங்கம் இன்னும் எத்தனை நூற்றாண்டுகள் வாழும்! எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

கூடம் முழுக்க எழுந்தது. ரோஸ்விதாவும் எழுந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க நின்ற கால்கள், மற்றவர்கள் நின்றால் தானாக நிற்கும். பக்கத்தில் நின்றவர் அவளைப் பார்த்து மரியாதையோடு தலையசைத்தார், துக்கம் விசாரிப்பதா வழியனுப்புவதா என்று அவருக்கே தெரியவில்லை.

மௌனம் முடிந்தது. அவள் உட்காரத் திரும்பினாள். நாற்காலி இல்லை. திருமதி காப்பஸ் அதைச் சத்தமில்லாமல் எடுத்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்," என்றாள் ரோஸ்விதா. "நான் சாகல."

"திருமதி டோர்ன், அஞ்சலி முடிஞ்சுது. இப்ப பொருளாளர் அறிக்கை."

"என் பேரையும் சேத்துப் படிச்சீங்க."

"இணைங்கிறது ஒரு ஆள். ஒரு ஆள் பாதி செத்து பாதி இருக்க முடியுமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க." அவர் குரல் குழந்தைக்குச் சொல்வது மாதிரி இதமாக இருந்தது. "அதுவுமில்லாம அஞ்சலி ஏகமனதா நிறைவேறியிருக்கு. எல்லாரும் நின்னோம். நீங்களும்தான் நின்னீங்க."

"பழக்கத்துல நின்னுட்டேன்."

"ஆட்சேபணை இருந்தா உக்காந்திருக்கணும்."

பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. கொடுத்த மௌனத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சேர்ந்து ஒரு நிமிஷம் சத்தமாகப் பேசினால் கணக்கு நேராகிவிடுமே என்று பனியில் கல் உருட்டி ஆடுகிற பிரிவின் தலைவர் யோசனை சொன்னார். என்ன பேசுவது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. துணைவிதியில் அதற்கு இடமில்லை என்று திருமதி காப்பஸ் படித்துக் காட்டியதும் எல்லாரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் லூடர்ஸ் அவளை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மனசு கஷ்டப்படாதீங்க. நீங்க உயிரோட இருக்கணும்னா அடுத்த பொதுக்குழுவுல தீர்மானம் கொண்டு வரலாம், மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். ஆனா நல்லதையும் பாருங்க. இனிமே முன்னோர் வேளை உங்களுதும்தான். ஞாயித்துக்கிழமை ஐஸ் உங்களுக்காக மெழுகியிருக்கும். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமா அதுக்குக் காத்திருக்காங்க."

அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் சொன்னதை மெதுவாக யோசித்தாள். யோசிக்க யோசிக்க அது சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாரியுஷ் தளத்தை மெழுகி முடித்து வண்டியை ஓரங்கட்டினான். விளக்குகள் எரிந்தன. வால்ட்ஸ் தொடங்கியது. செயற்குழு தொப்பியைக் கழற்றியது. ரோஸ்விதா ரப்பர் விரிப்பின் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்து சறுக்குக் காலணியின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

திருமதி காப்பஸ் முதலில் பார்த்தார். "என்ன பண்றீங்க? இது செத்தவங்க நேரம்!"

"தெரியும்," என்றாள் ரோஸ்விதா. "அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"டாக்டர்! அந்தம்மாவை வெளிய போகச் சொல்லுங்க!"

டாக்டர் லூடர்ஸ் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். மீன்பிடிச் சட்டம் படித்த மூளை வேலை செய்வது அவர் நெற்றியில் தெரிந்தது. "எப்படிச் சொல்றது?" என்றார் கடைசியில். "உயிரோட இருக்கிறவங்களைத்தான் போகச் சொல்லலாம். அவங்க உயிரோட இருக்காங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. பொதுக்குழு கூடணும்."

"அப்ப இது பாதி ஆளாச்சே?"

"பாதி இல்ல, திருமதி காப்பஸ். ரெண்டு பேரும்தான் இறந்திருக்காங்க. அதனால முழு இணை."

தடுப்புப் பலகையின் கதவை டாரியுஷ் திறந்து பிடித்தான். அவள் இறங்கினாள்.

காலடியில் பனி கெட்டியாக இருந்தது, துளிகூட மெலிந்திருக்கவில்லை. இடது கையை நீட்டி, யாரோ முதுகில் கை வைத்திருக்கிற மாதிரி நிமிர்ந்து, இசைக்குள் காலை எடுத்து வைத்தாள். ஒன்று இரண்டு மூன்று. முழங்கால் ஞாபகம் வந்த மாதிரி வளைந்து கொடுத்தது. காலணிக் கத்திகள் பனியைக் கீறும் சத்தம் காலிக் கூடத்தில் கேட்டது. முன்னோர் வேளையில் அந்தச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. செயற்குழு தொப்பிகளை நெஞ்சில் அணைத்தபடி அசையாமல் நின்றது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கால்கள் ஆடின.

தளத்தின் நீளப் பக்கம் முடிந்து மூலை வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. திரும்பவும் இல்லை. உடம்பு அந்த வெடுக்கென்ற இழுப்புக்காகத் தோள்பட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது. யாரும் இழுக்கவில்லை. நேராகப் போய்த் தடுப்புப் பலகையில் மோதினாள்.

கூடமே அதிர்ந்தது. அவள் விழவில்லை, பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வலித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இப்போதுதான் முதலில் வலித்தது. ஓட்மார் செத்துப்போய்விட்டான். நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

எதிர்ப்பக்கம் திருமதி காப்பஸ் தலைவரின் காதில் கிசுகிசுத்தார். "அடுத்த மலர்ல இன்னைக்கு நடந்ததை என்னன்னு போடுறது?"

டாக்டர் லூடர்ஸ் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்.

"பனி மெலிந்திருந்ததுன்னு போடுங்க," என்றார்.

டாரியுஷ் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பப் போனான். ரோஸ்விதா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்திக் காட்டினாள், பொறு என்று. கோட்டின் கைப்பகுதியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வால்ட்ஸ் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. பலகையைத் தள்ளிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பினாள்.